காஹினாவின் கடைசிப் பக்கம்

அத்தியாயம் 9

வஸீலாவின் கீழுதடு ஒரே இரவில் வீங்கி, வேறு யாருடைய உதடோ போல முகத்தில் தொங்கியது. நேற்று அப்பா லக்தர் அடித்த அடி. புறங்கையால், மோதிரத்தோடு.

அடிக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரை. வரலாற்றை மாற்றிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாலு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. வகுப்பில் பாதிப் பேர் அந்நியரை எதிர்த்துப் போரிட்ட எமிர் அப்துல்காதிர். மீதிப் பேர் விடுதலைப் போரில் செத்த ஏதோ ஒரு தளபதி. எல்லாருக்கும் மீசை, எல்லாருக்கும் துப்பாக்கி. வஸீலா மட்டும் காஹினாவை எழுதினாள். ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் இதே அவ்ரஸ் மலையில் அரசியாக இருந்தவள். படையெடுத்து வந்த அரபுகளை ஒரு தடவை ஓட ஓட விரட்டியவள்.

ஆசிரியை தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முஸ்லிம் படையோடு சண்டை போட்டவளைப் பற்றி எழுதி வம்பை இழுக்காதே, ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறப்பதற்குள் வேறு ஆளைப் பிடித்து எழுதி வா என்றார். கென்ஷெலா நகரத்துப் பக்கம் அவளுக்குச் சிலையே வைத்திருக்கிறார்களே என்று வஸீலா கேட்டதற்கு, சிலை அது பாட்டுக்கு நிற்கட்டும், மதிப்பெண் போடுவது நான் என்றார். கூடவே சந்தையில் லக்தரைப் பார்த்தபோது சொல்லியும் வைத்தார்.

லக்தருக்கு அது போதும். நாளைக்குப் பள்ளிவாசல் ஷேக் நம் வீட்டு வாசல்படி ஏறப்போகிறார், நீ மார்க்கத்தை எதிர்த்தவளுக்குப் புகழ் பாடுகிறாயா என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் மேலேயே விழுந்தது.

உண்மையில் கோபம் காஹினா மேல் இல்லை. அது வஸீலாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கோபம் போன மாதத்து வாய்க்கால் சண்டையில் இருந்து வந்தது. ஆப்பிள் தோட்டத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் முறை யாருடையது என்ற தகராறில், அண்ணன் நஸீம் வீசிய மண்வெட்டி பக்கத்துத் தோட்டத்து ஸுபீரின் தம்பியுடைய ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கண்ணுக்குக் கண் எடுப்பேன் என்று ஸுபீர் துப்பாக்கியோடு வந்து வாசலில் நின்றான். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள். லக்தரின் மூத்த மகள் யமீனாவை ஸுபீருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் பகை தீர்ந்தது. நஸீமின் கண் நஸீமிடமே இருக்கும்.

ஸுபீர் தன் முதல் மனைவியைத் தாடை எலும்பு உடைந்த நிலையில் அவள் அப்பா வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவன். அந்தக் கூட்டத்தில் தேநீர் குடித்த ஒவ்வொரு ஆணுக்கும் அது தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஷேக் வந்து ஃபாத்திஹா ஓதுவார். ஓதி முடித்தால் யமீனா ஸுபீரின் பெண்டாட்டி.

* * *

அடுக்களையில் அம்மா ஹத்தா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாக அவள் யாரோடும் பேசவில்லை. யமீனா மூலையில், மருதாணி வைத்த கைகளை மடியில் மல்லாத்திப் போட்டபடி, அந்தக் கைகள் தன்னுடையவையே இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

வஸீலா கட்டுரைத் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மறுபடி எழுதத்தான் போகிறாள். ஆனால் ஆளை மாற்றப்போவதில்லை. அதை வீட்டில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொன்னாள்.

"அதுக்குத்தானே நேத்து அடி வாங்கின?" என்றாள் ஹத்தா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்று நாளில் அதுதான் முதல் பேச்சு.

"ஆமா யெம்மா."

"அடி வாங்கினது எதுக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன். படி. கைதான் வேலை செய்யுது, காது சும்மாதான் கெடக்கு."

வஸீலா படித்தாள். காஹினா எப்படி மலைக்கூட்டங்களை ஒன்றாகச் சேர்த்தாள், எப்படி ஆற்றங்கரையில் எதிரிப் படையை வெட்டிச் சாய்த்தாள், பிணங்கள் எப்படித் தண்ணீரை அடைத்தன என்றெல்லாம் படித்தாள். அந்த இடங்களை அவள் கொஞ்சம் அனுபவித்தே எழுதியிருந்தாள். யமீனா முகத்தைச் சுளித்தாள். ஹத்தா சுளிக்கவில்லை.

பிறகு கட்டுரையில் காலித் வந்தான். சிறைபிடித்த அரபு வீரர்களை எல்லாம் விடுவித்த காஹினா, காலித் என்ற ஒருவனை மட்டும் விடவில்லை. அவன் அழகையும் துணிச்சலையும் பார்த்துத் தன் இரண்டு பிள்ளைகளோடு அவனையும் பிள்ளையாக்கிக்கொள்ள நினைத்தாள். வாற்கோதுமை மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து தன் மார்பின் மேல் வைத்தாள். மூன்று பேரையும் அதிலிருந்து எடுத்துத் தின்னச் சொன்னாள். தின்றார்கள். இனி நீங்கள் மூவரும் சகோதரர்கள் என்றாள். பழைய வரலாற்று ஆசிரியர்கள் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹத்தாவின் கை மாவுக்குள் நின்றது.

"பால் கொடுக்கலையா?"

"வளந்த ஆம்பளை யெம்மா. பாலுக்குப் பதிலா மாவு. ஆனா கணக்கு பால் கணக்குதான்."

"எதிரி மகன் அவளுக்கு மகன் ஆயிட்டான்."

"ஆமா."

"அவளுக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா?"

"அவனுக்குத் தங்கச்சி ஆயிருப்பா."

"கட்டிக்க முடியாது."

"எப்படி முடியும்?" என்றாள் வஸீலா. இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். யார் யாருக்குப் பால் கொடுத்தார்கள் என்று பெண்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பதே அதற்குத்தான்.

ஹத்தா மறுபடி பிசையத் தொடங்கினாள். ஆனால் வேகம் மாறிவிட்டது. "மேல படி. அவன் அப்புறம் என்ன ஆனான்?"

வஸீலா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

வெளியே துப்பாக்கி வெடித்தது.

* * *

நாய் முற்றத்தில் கிடந்தது. எட்டு வருஷம் அந்த வாசலைக் காத்த நாய். பின்னங்கால் ஒன்று இன்னும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஸுபீர் வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதைத் தாண்டி வந்தான். வெள்ளை மேலங்கி, புதுச் செருப்பு. செருப்பில் ரத்தம் படக் கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

கல்யாணத்துக்கு வானத்தைப் பார்த்து வெடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். லக்தர் அதைத்தான் சொல்லப் போனார். நாய் உங்களை என்ன செய்தது என்று பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணம்னா வெடிக்கணும்ல மாமா?" என்றான் ஸுபீர். "வானத்துல என்ன இருக்கு சுட?"

அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள். லக்தரும் சிரித்தார். மகளின் உதட்டைக் கிழித்த அதே கை இப்போது மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்தது. கதவிடுக்கில் நின்ற வஸீலா, அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குச் செத்த நாயைப் பார்ப்பதே மேல் என்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டியிலிருந்து செம்மறிக்கடாவை இறக்கினார்கள். நெற்றியில் மருதாணி, கொம்பில் சிவப்புத் துணி. கசாப்புக்காரர் தயாராக நின்றார். ஸுபீர் அவரை ஒதுங்கச் சொன்னான். நானே அறுக்கிறேன், மச்சான் பிடிக்கட்டும் என்றான்.

மச்சான் என்றால் நஸீம். ஒரு மாதமாகத் தோட்டத்துக் கொட்டகையை விட்டு வெளியே வராத பையன். லக்தர் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

நஸீம் மண்டியிட்டுக் கடாவின் கால்களைப் பிடித்தான். ஸுபீர் இறைவன் பெயரைச் சொல்லிக் கழுத்தில் கத்தியை வைத்தான். ஒரே இழுப்பில் முடிய வேண்டியது. அவன் அவசரப்படவில்லை. கடா உதறிய உதறலில் நஸீமின் முகமெல்லாம் ரத்தம். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

ஸுபீர் ரத்தச் சூடேறிய கத்தியின் பட்டையை நஸீமின் மூடிய இமை மேல் வைத்து, கண்ணாடியைத் துடைப்பவன் போல மெதுவாக ரத்தத்தை வழித்தான்.

"எந்தக் கண்ணுடா என் தம்பிக்குப் போச்சு? வலதா, இடதா?"

"இ... இடது."

"ஞாபகம் வெச்சிருக்கியே. நல்ல பையன்."

நஸீமின் கால்சட்டை நனைந்துவிட்டது. கடாவின் ரத்தம் என்று எல்லாரும் நினைக்கட்டும் என்று வஸீலா வேண்டிக்கொண்டாள். ஸுபீர் அப்படி நினைக்கவில்லை. எல்லாரையும் பார்க்கச் சொல்லி விரலை நீட்டினான்.

* * *

பெண்கள் அறையில் ஸுபீரின் தாய் ரெபிஹா வந்து உட்கார்ந்தாள். உயரமான, ஒல்லியான பெண். சாதாரணமாக மாப்பிள்ளையின் தாய் வந்தால் குலவை போடுவார்கள். யாரும் போடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வஸீலா அவளுக்குப் பேரீச்சம்பழமும் மோரும் கொண்டுபோய் வைத்தாள். கையை நீட்டியபோது ரெபிஹாவின் சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேல் பழைய மஞ்சளும் புது ஊதாவும் கலந்து கிடந்தன. வஸீலா பார்த்ததை அவளும் பார்த்தாள். மறைக்கவில்லை.

"உனக்கு யாரு?" என்று வஸீலாவின் உதட்டைக் காட்டிக் கேட்டாள்.

"பாபா."

"எனக்கு அப்பன் செத்துட்டான், புருஷன் செத்துட்டான். நிம்மதியா இருக்கலாம்னு பாத்தேன்." பேரீச்சங்கொட்டையைத் துப்பினாள். "மகனைப் பெத்துத் தொலைச்சேன்."

பிறகு அவள் யமீனாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். மருமகளுக்குப் புத்திமதி சொல்லும் மாமியார் என்றுதான் மற்ற பெண்கள் நினைத்திருப்பார்கள். வஸீலாவுக்குக் காதில் விழுந்தது.

"அவன் கையை ஓங்கினா எதிர்ல நிக்காத. ஓடவும் ஓடாத, ஓடினா கோபம் கூடும். சுருண்டு உக்காந்துக்கோ. முகத்தை முட்டிக்குள்ள வெச்சுக்கோ. முதுகுல எவ்வளவு வாங்கினாலும் ஆறிடும்மா. பல்லு போனா வராது."

யமீனா தலையாட்டினாள். பாடம் கேட்கும் பிள்ளை போல, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வஸீலா எழுந்து அடுக்களைக்குப் போனாள். கத்த வேண்டும் போலிருந்தது. அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அம்மாவின் ரொட்டி கருகி அவள் பார்த்ததே இல்லை. ஹத்தா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆண்கள் அறைக்குப் போகும் திரையையே பார்த்தபடி நின்றாள். திரைக்கு அந்தப் பக்கம் ஷேக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெண்ணின் தகப்பனைக் கிட்டே வந்து உட்காரச் சொல்வது கேட்டது.

"யெம்மா, ரொட்டி."

"நீ இறக்கு," என்றாள் ஹத்தா. கையெல்லாம் மாவோடு திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே நடந்து போனாள்.

* * *

அந்த அறையில் ஒரு பெண் நுழைந்ததே பாதிப் பேருக்கு மூச்சை நிறுத்திவிட்டது. திரை ஓரத்தில் வஸீலா நின்றாள். பின்னால் பெண்கள் வந்து குவிந்தார்கள்.

ஹத்தா யாரையும் பார்க்கவில்லை. ஷேக்கை மட்டும் பார்த்தாள்.

"ஓதாதீங்க. இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி."

லக்தர் எழுந்தார். ஷேக் கையமர்த்தினார். என்ன சொல்கிறாய், விளக்கமாகச் சொல் என்றார்.

ஹத்தா சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ஸுபீர் பிறந்த குளிர்காலத்தில் ரெபிஹாவுக்குக் காய்ச்சல், பால் வற்றிவிட்டது. அதே சமயம்தான் தன் முதல் பிள்ளை செத்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டு தான் துடித்தபோது, ரெபிஹாவின் மாமியார் யாருக்கும் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் அப்போதே தண்ணீர்ப் பகை. வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினாள். அந்தக் கிழவி மண்ணுக்குள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இத்தனை நாள் வாயை மூடியிருந்தது குற்றம்தான். ஆனால் உடன்பிறந்தவனுக்கே மகளைக் கட்டிவைக்கிற பாவத்தைத் தன்னால் சுமக்க முடியாது.

வஸீலாவுக்குத் தெரியும். முழுப் பொய். அம்மாவின் முதல் பிள்ளை பிறந்ததும் செத்ததும் அடுத்த பள்ளத்தாக்கில், அம்மாவுடைய அப்பா வீட்டில். அந்தச் சின்னக் கல்லறைக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஹத்தா இந்த ஊரிலேயே இல்லை. காலையில் வாற்கோதுமை மாவு என்று தான் படித்த கதைதான் இப்போது பாலாகிவிட்டது.

"ஒரு மடக்குப் பால் உள்ள போனாலும் போதும்," என்றார் ஷேக், தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து, குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்வாயா என்று கேட்டார்.

"கை கழுவிட்டு வரேன்."

வந்து கழுவினாள். விரல் விரலாக, நக இடுக்கு மாவெல்லாம் போகும்படி கழுவினாள். ஐந்து வேளையும் தவறாதவள். பக்கத்து வீட்டு முட்டை தவறி இந்த வீட்டுக் கூடையில் விழுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள். போய்க் குர்ஆன் மேல் கை வைத்தாள். சொன்னதையே மறுபடி சொன்னாள்.

லக்தரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து வந்து அவள் தலைத்துணியோடு முடியைப் பிடித்து இழுத்தார். ஹத்தா தாழ்வான மேசை மேல் விழுந்தாள். தேநீர்க் கண்ணாடிகள் நொறுங்கின. அவர் மிதித்தார். இரண்டாவது மிதி விழுவதற்குள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"பொய் சொல்றா," என்று மூச்சிரைத்தார். "அந்தக் குளிர்காலம் இவ இங்க இல்ல. அப்பன் வீட்ல இருந்தா. என் மூத்த பிள்ளை அங்கதான் செத்தான். கல்லறை அங்க இருக்கு. யாரு வேணா போய்ப் பாத்துக்குங்க."

சொந்த மகளைக் காப்பாற்ற வந்த பொய்யை உடைக்க, சொந்த மகனின் கல்லறையைத் தோண்டிச் சாட்சிக்கு எடுத்து வந்தார் அந்த மனிதர்.

அறை முழுக்க ஹத்தாவைப் பார்த்தது. அவள் கன்னத்தில் கண்ணாடித் துண்டு ஒன்று நின்றது. ஸுபீர் மட்டும் இந்த நேரமெல்லாம் சுவரில் சாய்ந்து, காசு கொடுத்துப் பார்க்கும் வேடிக்கை போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷேக் திரையை நோக்கித் திரும்பினார். "பிள்ளையைப் பெத்தவ இங்கதானே இருக்கா. அவ சொல்லட்டும்."

பெண்கள் விலகினார்கள். ரெபிஹா மெதுவாக எழுந்து வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் தனக்குக் காய்ச்சலும் வரவில்லை, பாலும் வற்றவில்லை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை போதும். மகன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பது இருந்தது.

யமீனா திரைக்குப் பின்னால் முட்டியில் முகம் புதைத்துச் சுருண்டு உட்கார்ந்திருப்பதை வஸீலா பார்த்தாள். சொல்லிக்கொடுத்தபடியே. இன்னும் யாரும் கை ஓங்கவில்லை, அதற்குள். ரெபிஹாவும் அதைத்தான் பார்த்தாள்.

"வந்தா," என்றாள் ரெபிஹா. "மார்ல பால் கட்டி உயிர் போகுதுன்னு கழுதை மேல வந்தா. ஒரு ராத்திரி இருந்துட்டுப் போனா. லக்தர் அப்ப பத்னால கட்டட வேலைல இருந்தான், அவனுக்கு என்ன தெரியும்?"

லக்தர் அந்த வருஷம் பத்னாவில் கட்டட வேலையில் இருந்தது உண்மை.

"இவன் குடிச்சதை உன் கண்ணால பாத்தியா?" என்றார் ஷேக்.

"பாத்தேன். காய்ச்சலோட மாமியா பின்னாலயே போனேன். இடது பக்கம் குடிச்சான். குடிச்சுட்டுக் கடிச்சான். ஹத்தா அலறினா." மகனை நேராகப் பார்த்தாள். "பிறந்தப்பவே கடிக்கிற பிள்ளை."

யாரோ சிரித்துவிட்டு, அவசரமாக இருமினார்கள்.

ஷேக் எழுந்தார். இரண்டு பெண்களின் சாட்சி, ஒருத்தி பிள்ளையைப் பெற்றவள். இந்தக் கல்யாணம் ஆகாது, இதற்கு ஃபாத்திஹா ஓதினால் என் நாக்கு அழுகும் என்றார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊர்ப் பெரியவர்களும் ஒவ்வொருவராக அவர் பின்னால் நழுவினார்கள். பகை என்ன ஆயிற்று, தீர்ப்பு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுக்களையில் யமீனா வஸீலாவின் மடியில் விழுந்து சத்தமில்லாமல் குலுங்கினாள். வஸீலாவுக்கு வீங்கிய உதட்டோடு சிரிப்பு வந்தது. உதடு மறுபடி பிளந்து ரத்தம் இனித்தது. நாலு பக்கம். அவள் எழுதிய நாலு பக்கம் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டது. எந்த எமிராலும் முடிந்திருக்காது.

அப்போதுதான் திரை விலகியது.

* * *

ஸுபீர் அடுக்களைக்குள் வந்தான். செருமவில்லை, குரல் கொடுக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. வெளி ஆண் எவனும் கால் வைக்காத இடம் அது. யமீனா பதறித் தலையில் துணியை இழுத்தாள்.

"எதுக்கு மூடுற?" என்றான். "நான்தான் அண்ணன் ஆயிட்டேனே. அண்ணன்கிட்ட என்ன மறைப்பு, தங்கச்சி?"

அவன் சொன்னது சரி. பால் மகனுக்குத் திரை கிடையாது. அவன் எந்த நேரமும் வரலாம், பெண்கள் அறையில் உட்காரலாம், கேட்க ஆளில்லை. மாப்பிள்ளையாக இருந்தாலாவது யமீனாவை மட்டும் கொண்டுபோயிருப்பான். இப்போது முழு வீட்டுக்கும் சாவி அவன் கையில். அதைக் கொடுத்தது அம்மா, அம்மாவின் கையில் கொடுத்தது வஸீலா.

அவன் துப்பாக்கியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்தான். ஹத்தா வழக்கமாக உட்காரும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கன்னத்தில் ரத்தத்தோடு உள்ளே வந்த ஹத்தாவை நிமிர்ந்து பார்த்து, குழந்தை போல இழுத்துச் சொன்னான்.

"பசிக்குது, யெம்மா."

ஹத்தா ரொட்டித் தட்டைப் பார்த்தாள்.

"கருகின ரொட்டியா இருந்தாலும் பரவால்ல. இருபத்தேழு வருஷமா தாய் கை ரொட்டி தின்னாம ஏங்கிப் போயிருக்கேன்." தட்டிலிருந்து தானே ஒன்றை எடுத்துப் பிய்த்தான். "இன்னைக்கு இங்கதான் படுக்கப் போறேன். மகன் தாய் வீட்ல படுக்காம எங்க படுப்பான்? பாபாகிட்ட சொல்லுங்க, பாய் போட."

கதவில் வந்து நின்ற லக்தர் தரையைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் மனைவியை மிதித்த கால் ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை.

"நஸீம் எங்க?" என்று ஸுபீர் மென்றுகொண்டே கேட்டான். "கூப்பிடுங்க. விடிஞ்சா தோட்டத்துக்குத் தண்ணி முறை. நாங்க ரெண்டு பேரும் போறோம். அண்ணன் தம்பிக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு ஊர்க் கூட்டம் எதுக்கு?"

ரெபிஹா முற்றத்தில் தனியாக, செத்த நாய்க்கும் தோலுரித்த கடாவுக்கும் நடுவே நின்றாள். வீட்டுக்குப் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் இங்கே படுத்தால் அவளுக்கு இன்றைக்கு ஒரு ராத்திரி தூக்கம் கிடைக்கும்.

ஹத்தா கன்னத்துக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தாள். கூடையை எடுப்பது போல வஸீலாவின் பக்கத்தில் குனிந்தாள்.

"காலைல விட்டியே, அந்தக் கடைசிப் பக்கம். அவன் என்ன ஆனான்?"

வஸீலாவின் கையில் தாள் கசங்கிப் போயிருந்தது. பார்க்கத் தேவையில்லை. அவள் எழுதியதுதான்.

"கூட இருந்தே காட்டிக்கொடுத்தான் யெம்மா. ரொட்டிக்குள்ள சேதி வெச்சு எதிரிங்களுக்கு அனுப்பினான். படை வந்துச்சு. அவ செத்தா."

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் எழுதியிருக்காங்க. தெரிஞ்சும் ஒண்ணும் செய்யல."

"ஏன்?"

"மகன்னு நம்பிட்டா."

ஹத்தா நிமிர்ந்தாள். முற்றத்துக்குப் போய், கடாவை அறுத்த கத்தியை எடுத்து வந்தாள். ஸுபீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கழுவினாள். கையைக் கழுவியது போலவே பொறுமையாக, பிடி இடுக்கு ரத்தமெல்லாம் போகும்படி கழுவித் துடைத்தாள்.

இந்த வீட்டில் கழுவிய கத்தியெல்லாம் வழக்கமாக அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கும். அந்த ஆணியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாப்பிடு மகனே," என்றாள். இடுப்புத் துணிக்குள் கத்தியைச் செருகிக்கொண்டு அவனுக்கு இன்னொரு ரொட்டி எடுத்து வைத்தாள். "விடிய நேரம் இருக்கு."